கிருஷ்ணவேணிக்காக வைத்த நேர்த்தி

மல்வேர்ன், ரொறன்ரோ
புதன்கிழமை

அன்புள்ள மலர் அக்காவுக்கு,

மன்னாரில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் ஆண்டவர் துணையால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்களுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. மனம்தான் ஒரு நிலையில் இல்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், சீமோனின் காதிலும் விழும். அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

எங்கள் எதிர்வீட்டுக் கிருஷ்ணவேணியை உங்களுக்குத் தெரியும், போன கோடையில் வீடியோவில் காட்டினேனே. நானும் அவளும் பேக்கரி வேலைக்கு ஒரே பஸ்ஸில் போய்வருகிறவர்கள். நெஞ்சு நோ வந்து இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை இருதய ஒப்பரேஷன். சாதாரண ஒப்பரேஷன்தான் என்கிறார்கள் டொக்டர்மார். அவர்களுக்கு எதுதான் சாதாரணம் இல்லை!

அவளுடைய புருஷன் செத்த நாளிலிருந்து அவளுக்குச் சமைத்துக் கொடுத்து வந்தேன். எங்கள் சட்டிகள் எல்லாம் மீன் பட்டவை, அவளோ சைவக்காரி, அதனால் அவளுக்கென்று ஒரு புதுச் சட்டி வாங்கினேன். சமயம் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பொங்கலுக்கு அவள் தந்த புக்கையை நாங்கள் சாப்பிட்டோம், நத்தாருக்கு முட்டை போடாமல் அடித்த கேக்கை அவள் சாப்பிட்டாள். ஒருநாள் அவளாகத்தான், உமக்கு ஏன் என்னில இவ்வளவு அக்கறை என்று கேட்டாள். யேசு சொன்னதைச் செய்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வெட்கமாகிவிட்டது. ரசம் ஆறுது, குடியும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்று பயத்தில் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டேன். இவள் பிழைத்தால், ஓகஸ்ட்டில் எங்கள் ஆட்கள் இங்கே மிட்லண்ட் கோயிலில் எடுக்கிற மடுத் திருநாளுக்கு இவளையே கூட்டிப்போய், இவள் கையாலேயே மெழுகுதிரி கொளுத்த வைக்கிறேன் என்று. நானே நடந்து வருகிறேன் என்று என் கால்களை நேர்ந்திருக்கலாம். அவளுடைய கால்களை நேர நான் யார், அக்கா? நாங்கள் பெற்ற பிள்ளைகளுக்கு நேர்கிற பழக்கத்தில் அப்படியே வந்துவிட்டது.

கட்டிய மனிசனாயிற்றே என்று சீமோனிடம் மட்டும் சொன்னேன். அவர் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில், அவளுடைய மகன் மனோஜ் நிற்கும்போதே அவளிடம், ஒன்றுக்கும் பயப்பட வேண்டாம், றோஸ்மேரி உங்களை மடுத் திருநாளுக்குக் கொண்டுவருவதாக நேர்ந்திருக்கிறாள் என்று பெருமையாக அவிழ்த்துவிட்டார். மனோஜின் முகம் கறுத்துவிட்டது. என்னை வெளியே கூப்பிட்டு, இதுக்குத்தானோ அன்ரி இவ்வளவு நாளும் சாப்பாடு குடுத்தனீங்கள், அம்மாவை மாத்தவோ என்று கேட்டான். இனி வரவேண்டாம் என்றும் சொன்னான். அவனில் பிழை இல்லை. அவர்கள் முந்தி இருந்த கட்டடத்தில் யாரோ அரிசி மூட்டையோடு வந்து, சாமிப் படங்களைக் கழற்றினால்தான் அடுத்த மூட்டை என்றார்களாம்.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அவன் கேட்டதை நானே என்னிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருநாள் அவள் எங்கள் கோயில் பூசையில் என் பக்கத்தில் இருக்க மாட்டாளா என்று நினைத்ததுண்டா? உண்டு, பொய் சொல்ல மாட்டேன். அதற்காகவா சமைத்தேன்? இல்லை. இரண்டும் உண்மை என்று அந்தப் பிள்ளைக்கு எப்படி விளங்கவைப்பது? அவளும் மகனைப் போலவே நினைத்துக்கொண்டு ஒப்பரேஷனுக்குப் போய்விடுவாளோ என்பதுதான் என்னைத் தின்கிறது.

இன்று மத்தியானம் மனோஜ் போன் எடுத்தான். தாய் ஒரு வாய் சாப்பிடுகிறாள் இல்லையாம், என்னைத்தான் கேட்கிறாளாம். வாங்கோ அன்ரி, ஆனா செபம், சிலுவை ஒண்டும் வேண்டாம் என்றான். ஓம் தம்பி என்றேன். கழுத்துச் சிலுவையைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று அம்மா போட்டுவிட்டது, இதுவரை கழற்றியதே இல்லை. சீமோன் பார்த்துவிட்டு, ஆண்டவரை மறுதலிக்கிறாயோ என்று கேட்டார். கழற்றினால்தான் அவளிடம் போகலாம் என்றால் போ என்றுதானே ஆண்டவர் சொல்வார்? அப்படித்தான் நினைக்கிறேன். பயமாகவும் இருக்கிறது.

அக்கா, நாளைக்கே மடுவுக்குப் பஸ் எடுங்கள். றோஸ்மேரி யோசியாமல் வைத்த நேர்த்தியை மாற்றிவிடு தாயே, கிருஷ்ணவேணியைக் கேட்காதே, அவளுக்குப் பதிலாக றோஸ்மேரியே மிட்லண்டுக்கு வெறுங்காலோடு வருவாள், கிருஷ்ணவேணி உயிரோடு வீடு வந்தால் போதும் என்று மாதாவிடம் சொல்லுங்கள். நாளைக்கு நான் அவளுக்குக் கஞ்சி ஊட்டுவேன், வெளியில் குளிர் எப்படி என்று கதைப்பேன். அவளருகில் இருந்து செபிக்க மாட்டேன், மனோஜுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். என் பங்கையும் சேர்த்து அங்கே நீங்கள் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள், அக்கா.

உங்கள் செபத்தையே நம்பியிருக்கும் தங்கை,
றோஸ்மேரி