லூச்சில்லா செத்த படங்கள்

வில்லரே, மொன்றியல்
14.10.2003

அன்புள்ள மாமி அறிவது,

நானும் ஹர்ஷினியும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம். சுகம் என்று எழுத வரவில்லை. நீங்கள் பிறஷர் குளிசையை விட்டுவிடாதீர்கள். நாளை திருகோணமலைக்குப் புறப்படும் அருமைராசா அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் எடுப்பதற்கு முன் இது உங்கள் கைக்கு வர வேண்டும்.

றஜனி போய் இருபத்துநாலு நாள். பன்னிரண்டாம் நாளே நான் டோர்வல் விமான நிலையத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். பெட்டிகள் வரும் பெல்ட் நின்றால் பிழை எங்கே என்று பார்த்துத் திரும்ப ஓடவைக்க வேண்டும். அது மட்டும் இன்னும் செய்ய முடிகிறது.

பிள்ளையைக் கீழ்வீட்டு லூச்சில்லா பார்த்துக்கொள்கிறார். இத்தாலிக்காரி, எழுபது வயது, ஒரு காலத்தில் நடிகை. பத்தொன்பது வயதில் ரோமில் சினிமாவுக்கு வந்தவர். பதினாலு படம், அதில் பதினொன்றில் செத்திருக்கிறார். என்னைப்போல வடிவாய்ச் சாக ஒருத்திக்கும் தெரியாது என்று பெருமை வேறு. பிறகு டிவி நாடகம். அதில் ஆசுபத்திரிக் கட்டிலில் அவர் சாக, சனம் அழுதழுது கடிதம் போட்டதாம். அடுத்த வருடமே இரட்டைச் சகோதரி என்று வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்களாம். அந்தக் கசெட்டுகளை எல்லாம் பிள்ளைக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். மனதில் கள்ளமில்லை. தன் வாழ்க்கையைத்தான் காட்டினார்.

டிவியில் அவர் செத்துக் கிடப்பார். ஹர்ஷினி திரும்பினால் பிஸ்கட் தட்டோடு நிற்பார். போன கிழமை நீங்களும் போனில், "அம்மா படுத்திருக்கிறா செல்லம், எழும்பி வருவா" என்றீர்கள். அன்று சாப்பிடும்போது பிள்ளை, "அப்பா, அம்மா திரும்பி வரேக்க வேற பேரோ?" என்று கேட்டாள்.

நான் கீழே போய் லூச்சில்லாவிடம் கத்தினேன். நான் கத்தி நீங்கள் கேட்டதே இல்லை. மனுஷி பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, அந்தக் கட்டில் காட்சியை மெதுவாக ஓடவிட்டார். திரையில் தன் தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டி, பார், இது அசையுது, நான் மூச்சு விட்டுக்கொண்டுதான் கிடந்தனான், நான் பொய்க்குச் செத்தனான், உன்ர அம்மா அப்படியில்லை என்று பிரெஞ்சில் சொன்னார்.

பிள்ளை டிவிக்குக் கிட்டப் போய் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். அழவில்லை. என் பக்கம் திரும்பி, "நீங்கள் அம்மான்ர தொண்டையைப் பாத்தனீங்களோ? வடிவாய்ப் பாத்தனீங்களோ?" என்றாள்.

ஓம் என்றேன். அவள் என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. நேற்றும் வாசல் மணி அடிக்க, ஓடிப்போய்த் திறந்தாள்.

அதனால் மாமி, ஞாயிற்றுக்கிழமை அம்மா எழும்பி வருவா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். செத்துப்போனா என்று சொல்லுங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது என்று யோசிக்காதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள், அவளும் அழட்டும்.

ஆசுபத்திரியில் அவர்கள் வந்து துணியால் மூடும்வரை நாற்பது நிமிடம் நான் றஜனியின் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பேன். கொஞ்சம் பலமாகச் சொல்லுங்கள் மாமி. எனக்கும் கேட்க வேண்டும்.

உங்கள் மருமகன்,
சாம்பவன்