மூன்றாம் ஓலை

அன்பு மகன் ஜூடுவுக்கு,

மாதா உன்னோடு இருக்கட்டும். இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. விசாரணை என்று போன்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புதிதாக வாங்கியதில் இதையெல்லாம் பேசப் பயம். பக்கத்து வீட்டு ஷமீம் குவைத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன், முழுதும் எழுதுகிறேன். அப்பா மேல் கேஸ் போட்டுவிட்டார்கள். பக்கிரியை அடித்தது அப்பாதானாம். பக்கிரி இங்கே பீங்கான் கம்பெனியில் சூளைக்குச் சாமான் அடுக்குகிறவன். மோட்டார் திருடினான் என்று பிடித்துவந்து, ஸ்டேஷனில் வைத்து அவன் வலது கையை இன்ஸ்பெக்டர் உடைத்தார். அப்பா பார்த்தார். பார்த்ததை எஸ்.பி.க்கு எழுதினார். எழுதியவர் நேராக அனுப்பினாரா? ஏட்டு கொடுக்கிற மனு இன்ஸ்பெக்டர் வழியாகத்தான் மேலே போக வேண்டுமாம், அதுதான் முறையாம். யார் மேல் புகாரோ அவர் மேசையிலேயே வைத்து சல்யூட் அடித்துவிட்டு வந்திருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். சர்வீஸ் பூரா அப்படித்தான் குடுத்திருக்கேன் விமலா, கால் தானா அங்க போயிடுச்சு என்றார். மனு மேலே போகவில்லை. சஸ்பென்ஷனும் கேஸும் வந்தன. அப்பாதான் அடித்தார் என்று பக்கிரியிடமே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மாவுக்கட்டுப் போட்ட கையால் எப்படிப் போட்டான் என்று யாரும் கேட்கவில்லை.

புகாரை வாபஸ் வாங்கினால் கேஸ் இல்லையாம். லிசாவுக்குக் கோவிலில் இரண்டு கல்யாண ஓலை வாசித்தாயிற்று, மூன்றாவது வாசித்தால் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா வந்து, பொண்ணு வாழ்க்கை இருக்குதுங்க, எழுதிக் குடுத்துடுங்க ஏட்டய்யா என்றார். கடைசியாகப் பேசியபோது நீயும் அதைத்தான் சொன்னாய். நானும் சொன்னேன். அரசியல் சட்டத்து மேல சத்தியம் பண்ண வெச்சுத்தானே தொப்பி குடுத்தாங்க, அதுல லாக்கப்புல இருக்கறவனும் மனுஷன்தான் என்றார் அப்பா. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு பாதிதான்.

ஞாயிறு பூசையில் சாமியார் மற்றவர்கள் ஓலையை வாசித்தார். லிசாவுடையது இல்லை. மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள் என்றே நினைத்தேன். வெளியே வந்ததும் லிசா சொன்னாள், நான்தாம்மா நிறுத்தச் சொன்னேன். தடை ஏதாவது தெரிஞ்சா வந்து சொல்லுங்கன்னு ஒவ்வொரு ஓலைக்கும் கேக்கறாங்கல்ல, தெரிஞ்சுது, போய்ச் சொல்லிட்டேன். எங்கப்பாவைப் பொய் சொல்லச் சொல்றவங்க வூட்டுல நான் என்னன்னு போய் இருக்கறது? சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். செருப்பைத் தேடுகிற மாதிரி வெகுநேரம் குனிந்தே நின்றாள். செருப்பு அவள் காலில்தான் இருந்தது.

திங்கட்கிழமை அப்பா கோர்ட்டுக்குப் போய் மாஜிஸ்திரேட்டிடம் நேரில் சொல்லப் போகிறார். இந்த முறை யார் வழியாகவும் இல்லை. அன்றைக்கே உள்ளே வைத்தாலும் வைப்பார்கள். எனக்குப் பயம்தான் ஜூடு. ஆனால் வாபஸ் வாங்குங்கள் என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். லிசாவும் நானும் கூடப் போகிறோம்.

வெயிலில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. உன் நெற்றியில் நான் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். புது நம்பர் ஷமீமிடம் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் அப்பாவிடம் பேசிவிடு. கேஸைப் பற்றி வேண்டாம். சாப்பிட்டீங்களாப்பா என்று கேள். நீ கேட்டால் சாப்பிடுவார்.

உன் அம்மா,
விமலாராணி செபாஸ்டியன்
விருத்தாசலம்