நாலு மணிக் குரலுக்கு ஒரு புத்தகம்

எதிலும் என்னைவிட ஒரு படி முன்னால் போய்விடும் ஞானம் அக்காவுக்கு,

நீ தேடிய புத்தகம் கிடைத்துவிட்டது. நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது என்பதைத் தவிர வேறு குறையில்லை.

மனநல ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தாய். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றவர்களுக்கு வார நாட்களில் மாத்திரை கொடுத்தாய். ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை சபைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாய். ஒரு நோயாளி உன்னை மடக்கினாரே, "சிஸ்டரே, ஞாயிற்றுக்கிழமை கேட்டா பக்தி, திங்கட்கிழமை கேட்டா சூக்கேடா?" என்று. அன்று முதல், விசுவாசத்தையும் மனோதத்துவத்தையும் சேர்த்துப் பேசும் ஒரு புத்தகத்தைத் தேடத் தொடங்கினாய். நான் சிரித்தேன்.

இப்போது அது எனக்குத் தேவைப்பட்டது. ஏன் என்று உனக்குத் தெரியுமா?

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அடுக்களையிலிருந்து என்னைக் கூப்பிடுகிறாய். "எலே செல்வா." கொஞ்சம் விட்டு மறுபடியும், "எலே செல்வா." அத்தோடு சரி.

போதகரிடம் சொன்னேன். அது நீயல்ல, உன் குரலில் வரும் வேறொன்று என்றார். வீட்டில் ஜெபக்கூட்டத்துக்கு நாள் குறித்தார். டாக்டரிடம் சொன்னேன். துக்கம் என்றார், மாத்திரை எழுதினார். உன் வாயை அடைப்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பாளையத்தில் சபைப் புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரக்கத்தோடு சொன்னார்: "ஆத்மாவுக்குள்ளது எல்லாம் உண்டு சாரே. மனசுக்குள்ளது மெடிக்கல் காலேஜ் பக்கம் கிட்டும்." மெடிக்கல் காலேஜ் பக்கத்துக் கடையில், விசுவாசம் என்ற சொல்லைக் கேட்டதும் என்னைப் பாளையத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். மனிதனை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு பஸ்ஸையும் விட்டிருக்கிறார்கள்.

கடைசியில் பாளையத்துக் கடையிலேயே, போன வருடத்துக் காலண்டர்களுக்கு அடியில் அது இருந்தது. மருத்துவம் படித்த ஒரு பாதிரியார் எழுதியது. இறந்தவரின் குரல் கேட்பதைப் பற்றி ஒரு முழு அத்தியாயம். பேயுமல்ல, பைத்தியமுமல்ல என்கிறார். கேட்பவன் எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறான், சொல்லிவிட்டால் குரல் ஓயும் என்கிறார்.

நான் சொல்லாமல் வைத்திருப்பது இதுதான். அம்மா சபையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவள். ஆனாலும், கண்ணில் படாத இடத்திலிருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாவது முறைதான் பதில் சொல்ல வேண்டும், பேய் இரண்டோடு நிறுத்திவிடும் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தாள். நமக்கு அது காலமெல்லாம் வேடிக்கை. நீ போன அன்று அடுக்களையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டாய். நான் பேப்பரை மடிக்காமல் மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. எழுந்து வந்தபோது தேநீர் வற்றிப் பாத்திரம் கருகத் தொடங்கியிருந்தது. நீ தரையில் கிடந்தாய்.

இரண்டோடு நிறுத்துவது பேய் என்றால், நீ ஏன் அக்கா அன்று இரண்டோடு நிறுத்தினாய்?

புத்தகம் எனக்கு நிம்மதி தந்தது. குரல் என் தலைக்குள்தான் இருக்கிறது, குற்றவுணர்வு, அவ்வளவுதான் என்று இருந்தேன். அந்த நிம்மதி மூன்று நாள் நீடித்தது.

நேற்று அடுத்த வீட்டு மாமி மதிலருகே என்னை நிறுத்தினார். போன வாரம் நம் கரமனைக்குக் குடிவந்தவர். உன்னைப் பார்த்ததே இல்லை.

"சாரே, தப்பா நினைக்காதீங்கோ. நாலு மணிக்கு உங்களைக் கூப்பிடறாளே, அது ஆராக்கும்?"

நான் நம் அடுக்களை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன்.

"ரெண்டு வாட்டி கூப்பிட்டுட்டு நிறுத்திடறா. பாவம். ஒரு தடவை என்னன்னு கேக்கப்படாதா?"

வீட்டுக்குள் வந்து புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். கேட்பவனுக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை.

இப்போது மணி மூன்றரை. ஜெபக்கூட்டத்தைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன். மாத்திரை மேசை டிராயரில் இருக்கிறது. அடுப்பில் இரண்டு பேருக்குத் தண்ணீர் வைத்திருக்கிறேன். இன்று நீ ஒருமுறை கூப்பிட்டால் போதும் அக்கா. அது நீயா, வேறொன்றா என்று கேட்க மாட்டேன். முதல் குரலுக்கே வந்துவிடுவேன்.

அடுக்களை வாசலில் நிற்கும்,
உன் தம்பி செல்வா