எல்லார் பெயரிலும் நான்

செவ்வாய்க்கிழமை, இரவு

படுத்தும் தூக்கம் வரவில்லை. எங்கள் கல்லூரிப் பேராசிரியர்கள் யாரும் மின்னிதழ்களைத் திறப்பதில்லை. "நீங்களே பாத்துக்கங்க மேடம்" என்று பாஸ்வேர்டை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். யாரும் படிப்பதில்லை என்று சந்தாவை நிறுத்திவிடக் கூடாதே என்று, நூலகரான நான் தினமும் ஒவ்வொருவர் பெயரிலும் உள்ளே போய் வருகிறேன்.

இன்று, யார் எத்தனை முறை உள்ளே போய்ப் படித்தார்கள் என்று காட்டும் மாத அறிக்கையைப் பார்த்து முதல்வருக்கு ஏக சந்தோஷம். "எல்லாரும் ஆன்லைன்லயே படிக்கறாங்களே, அப்புறம் எதுக்குங்க இவ்ளோ பெரிய நூலகம்? அடுத்த வருசம் கம்ப்யூட்டர் லேப் ஆக்கிடலாம்" என்றார்.

காரிமங்கலம் பஸ்ஸில் வரலாற்றுப் பேராசிரியை பக்கத்தில் உட்கார்ந்தார். உங்கள் பெயர்களில் உள்ளே போவதை நாளையிலிருந்து நிறுத்திவிடப் போகிறேன் என்றேன். குரலைத் தாழ்த்தி, "வேணாங்க மேடம். திடீர்னு நின்னுபோனா எங்களத்தான கேப்பாங்க" என்றார்.

உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் நூலகமே போகும். அப்புறம் எனக்கு அங்கே என்ன வேலை?

வீட்டுக்கு வந்து அறிக்கையை மறுபடி பார்த்தேன். பேராசிரியர்கள் எல்லார் பெயருக்கு நேரேயும் எண் இருக்கிறது. என் பெயருக்கு நேரே மட்டும் பூஜ்யம்; என் பெயரில் நுழைய எனக்குத் தோன்றவே இல்லை. அறிக்கைப்படி, இந்தக் கல்லூரியில் எதையும் படிக்காத ஒரே ஆள் நான்தான்.