அண்ணன் கொண்டுவந்த இறால்

என் ஆசை அண்ணிக்கு,

நீ போய்ச் சேர்ந்து அடுத்த மழையும் பெய்து ஓய்ந்துவிட்டது. காலடிப்பேட்டையில் நம் மீன்கடையை இப்போது நான் ஒருத்தியாகத்தான் திறக்கிறேன், மூடுகிறேன். பக்கத்தில் உன் அதட்டல் இல்லாமல் கல்லாவில் உட்காரவே பிடிக்கவில்லை. வியாபாரத்துக்கு ஒரு குறைவும் இல்லை. அதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நீ வைத்த வழக்கத்தை நான் விடவில்லை. கூடை வந்ததும் ஒரு இறாலை உரித்து, இரும்புக் கரண்டியில் சொட்டு எண்ணெய் விட்டு அடுப்பில் காட்டுகிறேன். மோந்து பார்த்து, வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் கூடை தராசுக்குப் போகும். கட்டின புருஷன் கூடையே ஆனாலும் கரண்டிக்கு வந்துதான் தீரணும் என்று அண்ணனைக் கிண்டல் செய்வாயே, அவரும் சிரித்துக்கொண்டு நிற்பாரே.

அப்போதெல்லாம் அண்ணன் வலை போடுகிற எண்ணூர் ஆற்று இறால் என்றால் ஜனங்கள் காத்திருந்து வாங்கினார்கள். இப்போது அந்த ஆற்றில் என்னென்னவோ கலக்கிறது அண்ணி. தண்ணீர்மேல் எண்ணெய் மிதக்கிறது, வலையை அலசினால் கை கறுக்கிறது. பச்சையாகப் பார்த்தால் இறாலில் ஒரு குறையும் தெரியாது. கரண்டியில் சூடு ஏறினால்தான் மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடிக்கிறது.

முதல் தடவை அண்ணன் கூடையில் அந்த வாடை வந்தபோது, கரண்டியைக் கழுவிவிட்டு வேறொரு இறாலை வைத்தேன். அதுவும் அப்படியே. மறுபடியும் ஒன்று வைத்தேன். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடையை அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

"நான் இன்னா பண்ணட்டும் தங்கச்சி? எனக்குத் தெரிஞ்ச ஆறு இது ஒண்ணுதான் கீது," என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

இப்போது வெளியூர்ப் பண்ணை இறால் ஐஸ் பெட்டியில் வருகிறது. வாடை இல்லை. இந்தக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று டோல்கேட்டிலிருந்துகூட வருகிறார்கள். நீ சம்பாதித்து வைத்த பேர் அது. அதைக் காப்பாற்ற உன் புருஷனை, என் கூடப்பிறந்தவரை, வாசலோடு திருப்பி அனுப்புகிறேன். தரம் தரம் என்று பிடிவாதம் பிடித்தாயே, அது இங்கே கொண்டுவந்து நிறுத்தும் என்று உனக்குத் தெரியுமா?

வேறு ஊர் பேரைச் சொல்லி அந்த இறாலை விற்றுத்தர ஆட்கள் இருக்கிறார்கள். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. நம் கடை வேண்டாம் என்றதை அடுத்தவர் தலையில் கட்டமாட்டேன் என்றுவிட்டார். அப்படியானால் அது எங்கே போகிறது என்று நான் யோசிக்கவே இல்லை அண்ணி.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் செல்வி எனக்குச் சோறு போட்டு இறால் குழம்பு ஊற்றினாள். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. நான் பிசைந்த கையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "புளி தூக்கலா வுட்டா வாடை அவ்ளோ தெர்ல அத்தை," என்றாள். குத்திக்காட்டவில்லை. சமையல் பக்குவம் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

தட்டில் இருந்தது முழுவதையும் சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று கேட்காதே.

மறுநாள் கடையிலிருந்து நல்ல இறாலாகப் பார்த்துக் கொடுத்தனுப்பினேன். வலை வைத்திருக்கிறவன் வீட்டில் வாங்கின இறால் எதற்கு என்று அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் ரோஷத்தை நான் குறை சொல்ல முடியுமா?

நம் கடையில் வாங்குகிற யார் வீட்டுக்கும் அந்த வாடை போகாது அண்ணி. இது உன்மேல் சத்தியம். செல்வியின் தட்டுக்கும் போகாது என்று சேர்த்துச் சொல்லத்தான் பார்த்தேன். முடியவில்லை.

இப்படிக்கு,
உன் நாத்தனார்
கௌரி