எனக்காகப் பேசப் போகிறவள்

பியூட், மொன்டானா
அக்டோபர் கடைசி

அன்பு மகன் டேலுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. மருமகள் ஷெரியின் முழங்கால் வலி தேவலையா?

நீ அனுப்பிய காப்பீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை வந்தார். என் மெடிகேர் அரசுக் காப்பீட்டை அவருடைய கம்பெனித் திட்டத்துக்கு மாற்றிக்கொண்டால் பல்லுக்கும் கண்ணாடிக்கும் செலவே இல்லை என்றார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "என்னைப் பாக்குற டாக்டர் பெலாங்கர் இதுல இருக்காரா தம்பி?"

தாள்களைப் புரட்டினார். "இல்லம்மா. ஆனா கொஞ்ச நாளைக்குத்தானே? அப்புறம் நீங்க ஃபீனிக்ஸ்ல தன்கிட்டயே வந்துடுவீங்கன்னு உங்க மகன் சொன்னாரே."

நான் ஊரைவிட்டுப் போகப்போகிறேன் என்பதை, டேல், என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்த ஓர் அந்நியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். நான் எங்கும் வரவில்லை.

வியாதியை உன்னிடம் மறைக்கவில்லை. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்று டாக்டர் சொன்ன அன்றே உனக்குப் போன் செய்தேன். இத்தனை வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், போன மாதம் பார்க் தெருவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் காரை நிறுத்திக்கொண்டு நின்றேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சாவியை உன் ரூத்தன் அத்தையிடம் கொடுத்துவிட்டேன். யாரும் பிடுங்கவில்லை, நானே கொடுத்தேன்.

அதனால்தான் புத்தி தெளிவாக இருக்கும்போதே வக்கீலம்மாவிடம் போனேன். கூட வந்த அத்தையை அவர் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "யாராவது உங்கள வற்புறுத்துறாங்களா?" என்று கேட்டார். "வற்புறுத்துறவன் இந்த ஊர்லயே இல்ல" என்றேன். சிரித்துவிட்டார்.

இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டேன். நான் பேச முடியாமல் போனால், என் வைத்தியத்தைப் பற்றி எனக்காகப் பேசப்போகிறவள் ரூத்தன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். வக்கீலம்மாவும் கேட்டார், மகன் இருக்கும்போது நாத்தனார் எதற்கு என்று. அவரிடம் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். உன் அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. செயற்கை சுவாசக் குழாயோடு அவர் கிடந்தபோது டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு வாரம் பாருங்க" என்றாய். அந்த வாரம் முடிந்ததும் மறுபடியும் கேட்டாய். அது அன்புதான், எனக்குத் தெரியும். ஆனால் குழாயைப் பிடுங்காமலிருக்க அவர் கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள், டேல். உன்னால் விட முடியாது. ரூத்தனால் முடியும்.

அவளிடம் விஷயத்தைச் சொன்னதும், "ஏன் அண்ணி, காலம்பூரா வாயாடி வாயாடின்னு என்னைத் திட்டிட்டு, இப்ப அந்த வாயே வேணுமாக்கும்?" என்றாள்.

"பெரிய டாக்டர் வந்தா பயந்து வாயை மூடிக்குவியா?"

"நானா?"

"அதான் உன்னைப் புடிச்சேன்" என்றேன். சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் இருக்க முடியாத நாள் வந்தால் போகவேண்டிய முதியோர் இல்லத்தையும் நானே பார்த்துவிட்டேன். இதே ஊரில்தான். சாப்பாடு வாயில் வைக்க முடியாது. ஆனால் ஜன்னலைத் திறக்கலாம், டாக்டர் பெலாங்கர் வாரம் ஒருமுறை வருகிறார்.

சண்டை போடுவது ரூத்தன் வேலை. முடிவு எடுக்கும் பாரம் உனக்கு வேண்டாம். நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. பின்னால் எப்போதாவது நான் பயந்துபோய் உனக்குப் போன் செய்து, இதையெல்லாம் யார் எழுதச் சொன்னது, எனக்கு எதுவுமே தெரியாது என்று அழலாம். அப்போது உடனே கிளம்பி வா. அழுகிறவளைக் கட்டிக்கொள். ஆனால், என் கண்ணே, இதை எழுதுகிறவளை நம்பு.

நீயும் ஷெரியும் நன்றாக இருக்க வேண்டும்.

இன்று முழு நினைவோடு,
உன் அம்மா
வெர்னா ஸ்டிமாக்