நாவல் தேனும் அம்மாவின் சுண்டுவிரலும்

என் அன்பு அத்தாவுக்கு,

முதலில் ஸலாம். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் ஸலாம் சொல்லாமல் ஆரம்பித்தால் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பீர்களே, அதற்குப் பயந்து சொல்கிறேன்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு நோன்பு மாதம் கடந்துவிட்டது. மார்க்கெட்டுக்குப் பின்னால் உங்கள் தேன் கடை நடக்கிறது. நம் லாஸ்பேட்டை வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்து நான்தான் திறக்கிறேன். உங்கள் நாற்காலியைத் துடைத்துவிட்டுப் பக்கத்து ஸ்டூலில் உட்காருகிறேன். மலையிலிருந்து வரும் தேனை, நீங்கள் செய்வது போலவே புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். கடையில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் வீட்டில்தான்.

அம்மாவின் வலது கால் சுண்டுவிரலில் ஒரு புண். செருப்பு கடித்து வந்த சின்னப் புண். மழைக்காலத்தில் வந்தது, வெயில் வந்தும் ஆறவில்லை. டாக்டரம்மா காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சுகர் இப்படியே இருந்தா விரலை எடுக்க வேண்டி வரும்மா" என்றார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவோ அன்றைக்கும் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி நாவல் தேன் குடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள்.

யார் சொன்ன வைத்தியம் அது? நீங்கள்தானே அத்தா!

நாவல் கொட்டை சுகரைக் குறைக்கும் என்று ஊரில் சொல்கிறார்கள். சொல்லட்டும், பொடித்துத் தின்கிறவர்கள் தின்னட்டும். அங்கிருந்து நீங்கள் ஒரு தாவு தாவினீர்களே! நாவல் பூவில் தேனீ உட்கார்ந்து எழுந்தால் அந்தத் தேனும் சுகரைக் குறைக்குமாம். யாரைக் கேட்டீர்கள்? தேனீயையா? "சுகருக்கு நாவல் தேன்" என்று நீலப் பெயின்டில் பலகை எழுதிக் கடை வாசலில் மாட்டினீர்கள். காசுக்காகச் சொல்லியிருந்தால்கூட ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன். மனதார நம்பிச் சொன்னீர்கள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவுக்குச் சுகர் என்று தெரிந்த அன்றே சீனி டப்பா பரண் மேல் ஏறிவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? இன்னும் இறங்கவில்லை. என் பிள்ளைகள் டீக்குச் சீனி கேட்டால் அவர்களுக்கு ஒரு பிரசங்கம் வேறு நடக்கும். அதை முடித்துவிட்டுத் தன் டீயில் இரண்டு கரண்டி தேனை ஊற்றிக்கொள்வாள். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தின் மேலும் தேன்தான்.

"ஏம்மா, அதுவும் சீனிதாம்மா!"

"சீனி மில்லுல வருது. இது மரத்துலருந்து வருது. உங்க அத்தா சொன்னாரு."

'உங்க அத்தா சொன்னாரு.' இதற்கு மேல் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? நீங்கள் இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்து வந்து, "நீங்களே உங்க வாயால சொல்லுங்க" என்றிருப்பேன். மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொண்டு இத்தனை பிடிவாதம் பிடிக்கும் மனுஷனை நான் பார்த்ததே இல்லை.

டாக்டரம்மாவிடம் நம் கடைத் தேன் வகை எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். சிரித்தார். "பூவுக்குப் பூ கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். ஒண்ணு சீக்கிரம் ஏத்தும், ஒண்ணு மெதுவா ஏத்தும். சுகரை ஏத்தாத தேன்னு ஒண்ணு கிடையாதும்மா" என்றார். நாவல் பூத் தேனில் நாவல் கொட்டையின் குணம் வராது என்றும் சொன்னார். அதை வீட்டில் வந்து சொன்னேன். "அந்தம்மா தேனையே பாத்திருக்காது" என்றாள் அம்மா.

சரி, எப்படியும் குடிக்கத்தான் போகிறாள், அளந்தாவது பார்ப்போம் என்று சுகர் பார்க்கும் மெஷின் வாங்கி வந்தேன். தினமும் ஒரு தேன், அதே கரண்டி. குடிக்கும் முன் ஒரு குத்து, குடித்த பின் ஒரு குத்து. அம்மாவுக்கு ஒரே உற்சாகம். "குத்து, குத்து. உங்க அத்தா ஜெயிக்கப் போறாரு பாரு" என்று விரலை நீட்டினாள். கொம்புத் தேன் சர்ரென்று ஏற்றியது. வேப்பம்பூத் தேன் கொஞ்சம் நிதானமாக ஏற்றியது. பெட்டித் தேனும் சும்மா இருக்கவில்லை. உங்கள் நாவல் தேன் மட்டும் என்ன, மற்றதெல்லாம் போன வழியிலேயே அதுவும் போனது.

அம்மா மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேட்டரி போயிருக்கும்" என்றாள். பேட்டரி மாற்றினேன். "ஊசி சரியில்ல" என்றாள். ஊசி மாற்றினேன். "உனக்குக் குத்திப் பாரு" என்றாள். நானும் ஒரு கரண்டி குடித்துவிட்டுக் குத்திக்கொண்டேன்.

"பாத்தியா? உனக்கு அவ்ளோ ஏறல!"

"எனக்கு சுகர் இல்லம்மா! ஒனக்குதான் இருக்கு!"

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நானும் பிள்ளை பெற்றவள்தான் அத்தா, இப்படியெல்லாம் கத்துகிறவள் இல்லை. உங்களால் கத்தினேன்.

மறுநாள் கடைப் பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். அதைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிப்போனது.

"ஏன்டி கழட்டுன?"

"பொய்யை எத்தினி நாளும்மா தொங்கவுடறது?"

அம்மா பலகையை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அவரு இருக்கும்போதே தெரியும். தேன் குடிச்சா வாய் வறளுது, தலை சுத்துது. என் ஒடம்பு எனக்குத் தெரியாதா? தேன்காரரு பொண்டாட்டியே தேனை வுட்டுட்டான்னு தெரிஞ்சா ஊரு அவரை இன்னா சொல்லும்? ஏமாத்துக்காரன்னு சொல்லும். வந்து பதில் சொல்ல அவரு இருக்காரா? விரல் போனா போவட்டும் வுடு. அவரு பேரு போவக்கூடாது."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பேட்டரி, ஊசி என்று சொன்னதெல்லாம் நடிப்பு. உங்கள் பேருக்காக இவள் கால்விரலைக் கொடுப்பாளாம்! அப்படி என்ன செய்து வைத்திருந்தீர்கள் இவளை? இது உங்களுக்குப் பெருமையா அத்தா? இல்லை, நீங்களும் என்னைப் போல் தலையில் அடித்துக்கொள்வீர்களா? எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் வைத்திக்குப்பத்து அஞ்சலை அக்கா மீன் கூடையோடு வாசலுக்கு வந்தாள். உங்கள் பழைய வாடிக்கை. அவளுக்கும் சுகர். சங்கரா மீனை நிறுத்துக் கொடுத்துவிட்டு, "பாயி குடுப்பாரே, அந்த சுகர் தேனு, ஒரு பாட்டிலு குடும்மா" என்றாள். திரைக்குப் பின்னால் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"அக்கா, அது சுகருக்கு ஆகாதுக்கா. அத்தா சொன்னது தப்பு. மருந்துன்னு நெனச்சுக் குடிக்காதீங்க."

உள்ளே முறத்தின் சத்தம் நின்றுவிட்டது.

"இன்னாது? அப்போ இத்தினி நாளா நான் குடிச்சது இன்னா?"

"தேன்தாங்கா. கலப்படம் இல்லாத தேன். ஆனா சுகரை ஏத்தும்."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "உங்கப்பாரு இருக்காரே..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். போச்சு, அம்மா பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தேன். தெருவில் நின்று திரும்பினாள்.

"புயல்ல, கடலுக்குப் போன எங்க வூட்டுக்காரரு போட்டு திரும்பி வரலன்னு நாங்க கரையில உருண்டு அழுவறப்ப, கடையைச் சாத்திட்டு வந்து எங்ககூட மணல்ல குந்தினு இருந்தாரும்மா உங்கப்பாரு. போட்டு வந்து சேர்ற வரைக்கும் எழுந்திருக்கல. அந்த மனுசனைப் போயி ஒரு கரண்டி தேனுக்காவ திட்டுவனா? மாத்திரையைப் போட்டுக்கறேன், வுடு. தேனைக் குடு, பேரப்புள்ளைக்கு ஆவும்."

பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் உள்ளே போனேன். அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நீங்கள் மணலில் உட்கார்ந்திருந்த கதை அவளுக்கே தெரியாதாம். ஏன் சொல்லவில்லை நீங்கள்? தேனைப் பற்றி அவ்வளவு பேசினீர்களே, இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அடுத்த நாள் காலையில் கழுவப் போட்ட பாத்திரங்களில் தேன் கரண்டி இல்லை. அம்மாவே மெஷினை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இட்லி மட்டும் சாப்பிட்டாள், டீயில் தேன் ஊற்றவில்லை. பிறகு விரலை நீட்டினாள். நல்ல நம்பர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தேன் குடித்த நாட்களைவிடக் குறைவுதான்.

"எறங்கியிருக்குல்ல?"

"எறங்கியிருக்கும்மா."

மெஷினை மூடி உறையில் போட்டாள். "சரி. உங்க அத்தாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா மனசு வுட்டுடுவாரு" என்றாள்.

அதனால்தான் அத்தா, இந்தக் கடிதம். சொல்லிவிட்டேன். மனசு விடாதீர்கள். புண்ணின் ஓரம் காய ஆரம்பித்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்கிறார் டாக்டரம்மா. விரல் தப்பித்துவிட்டது என்று அவர் வாயிலிருந்து இன்னும் வரவில்லை.

உங்கள் பலகையைத் தூக்கிப் போடவில்லை. 'சுகருக்கு' என்பதை மட்டும் சுரண்டிவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டேன். கீழே உங்கள் பேர் அப்படியே இருக்கிறது. சுகருக்கு ஆகுமா என்று யார் கேட்டாலும் ஆகாது என்றுதான் சொல்வேன். திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் பேரை இனி நான் பார்த்துக்கொள்கிறேன், அம்மாவின் கால் அதைச் சுமக்க வேண்டாம். புண் வந்ததிலிருந்து அவள் கடைப்பக்கமே வரவில்லை. வருகிற பெருநாளைக்குப் பத்து விரலோடும் அவளை நடத்திக் கூட்டி வந்து, நான் தினமும் துடைத்து வைக்கும் உங்கள் நாற்காலியில் உட்கார வைப்பேன். இன்ஷா அல்லாஹ்.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் மூத்த மகள்
ஜரீனா